எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய ஐயா தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்றும், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கு முதலாக வைத்தார் என்றும் அழைப்புக் கடிதத்தில் படித்தேன். ஆண்டுதோறும் கையால் வேலை செய்யும் ஒருவர் தம் தொழிலைப் பற்றிப் பேசவேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே வரச் சம்மதித்தேன்.

நான் வால்பாறையில் கணினி, நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். 2003இல் தொடங்கியது. இன்றும் அதே மலை, அதே வேலை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வந்து, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் ஊர். ஊர் என்றால் ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு. மற்றதெல்லாம் எஸ்டேட். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் தேயிலையும் காப்பியும். சுற்றிலும் ஆனைமலைக் காடு. சுமார் 70,000 பேர் சிறு சிறு லைன் வீடுகளில் பரவிக் கிடக்கிறார்கள். ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர்வரை விடாது.

தகவல் தொழில்நுட்பத்தில் வேலை என்று இந்தக் கோயம்புத்தூரில் சொன்னால் சரவணம்பட்டியில் இருக்கும் கண்ணாடிக் கட்டடங்கள் நினைவுக்கு வரும். கிராமத்தில் அந்த வேலை என்றால், 2011இல் தென்காசிப் பக்கம் சோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது நினைவுக்கு வரும். அது நல்ல முயற்சி. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அங்கே வேலை கிராமத்தில் நடக்கிறது, வாடிக்கையாளர் உலகெங்கும் இருக்கிறார். நான் பேச வந்தது வேறொரு வேலையைப் பற்றி. வாடிக்கையாளரும் அதே ஊர், வேலை செய்கிறவரும் அதே ஊர். எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு போடுகிற கணினி, ரேஷன் கடைக் கருவி, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவை அச்சிடும் பிரின்டர், பள்ளிக்கூடத்து லேப், கோயில் கமிட்டிக் கணக்கு, ஆயாவின் கைப்பேசி, எல்லாம் என்னைப் போன்ற இரண்டு மூன்று பேரிடம்தான் வந்து சேரும். எனக்கு நெட்வொர்க் மட்டும்தான் தெரியும், பிரின்டர் வேறு ஆள் என்று அங்கே சொல்ல வழியில்லை. வேறு ஆள் நான்கு மணி நேரத் தொலைவில், கோயம்புத்தூரில் இருக்கிறார்.

ஒரு குழியிலிருந்து தொடங்குகிறேன்.

வந்த புதிதில் ஓர் எஸ்டேட் ஆபீஸ் வேலை கிடைத்தது. ஒரே கோடையில் மூன்று முறை அங்கே கணினி எரிந்துபோனது. முதல் முறை எஸ்எம்பிஎஸ், அடுத்து லேன் கார்டு, மூன்றாவது முறை மதர்போர்டே போய்விட்டது. விற்ற நிறுவனம் உத்தரவாதப்படி பாகங்களை மாற்றித் தந்துகொண்டே இருந்தது. ஏன் எரிகிறது என்று கேட்க ஒருவரும் மலையேறி வரவில்லை. நானும் முதல் இரண்டு முறை பாகத்தை மாட்டிவிட்டுத்தான் வந்தேன். மூன்றாவது முறை மல்டிமீட்டரை எடுத்து, பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கவேண்டிய இடத்தில் முப்பதைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது முள்.

கட்டடத்தின் பின்பக்கம் போய் எர்த் குழியைத் தேடினேன். லன்டானாப் புதருக்குள் ஒரு இரும்புக் குழாயின் தலை மட்டும் தெரிந்தது. கம்பி துருப்பிடித்துக் கழன்றிருந்தது. கடப்பாரையால் நாலடி தோண்டினால் பாறை. மழைக்காலத்தில் அந்த மண் ஊறிக் கிடக்கும். மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும். ஜனவரியில் மழை ஓய்ந்து மண் காய்ந்ததும் இறங்க வழியில்லாமல் போகும். பிறகு மார்ச், ஏப்ரலில் இடியோடு கோடை மழை வரும். இடி எங்கோ விழும். லைனில் ஏறி வருகிற மின்வீச்சு இறங்க இடமில்லாமல் கணினிக்குள் புகும். கோடையில் மட்டும் எரிந்ததற்கு இதுதான் காரணம்.

பள்ளத்தைப் பாறை விட்ட இடமாகப் பார்த்துத் தள்ளித் தோண்டினோம். புதுக் குழாய் இறக்கி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று நிரப்பினோம். அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணனிடம், மழை நின்றதிலிருந்து வாரம் இரண்டு குடம் தண்ணீர் இதில் ஊற்றவேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். மீட்டரை அவர் கையில் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் முன்னும் ஊற்றிய பின்னும் முள் எங்கே நிற்கிறது என்று காட்டினேன். பதினொரு ஆண்டுகள், அவர் வேலையிலிருந்து நிற்கும்வரை, அந்தக் குழி காயவில்லை. அந்த ஆபீசில் அதற்குப் பிறகு மின்வீச்சால் ஒரு கணினியும் எரியவில்லை. அவர் பெயர் எந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இல்லை.

இதை என் அனுபவம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு பெரிய வேலை செய்தது. பேராசிரியர் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு அது. தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களையும் வைஃபையால் இணைத்தார்கள். நோயாளி தன் ஊரில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் தேனியிலிருந்து திரையில் அவரோடு பேசுவார்.

வைஃபை வீட்டுக்குள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு துண்டுச் செய்தியை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்கு அது மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள், தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கும். இரு முனையும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். அதனால் இவர்கள் வைஃபையின் பேச்சு ஒழுங்கையே மாற்றி எழுதினார்கள். இன்ன நேரம் நீ பேசு, இன்ன நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். வேகம் பலமடங்கு கூடியது. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டிய வேலை அது.

ஆனால் அதே குழு 2008இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த இணைப்புகளை உயிரோடு வைத்திருந்தபோது என்னென்ன பழுதாயின என்று ஒளிக்காமல் எழுதினார்கள். அதிகம் பழுதாக்கியது மின்சாரம். திடீரென்று ஏறும் மின்வீச்சு, தாழ்ந்து தாழ்ந்து வரும் வோல்டேஜ், அடியோடு வற்றும்வரை விடப்பட்ட பேட்டரி. பாதி உயிரோடு கருவி தத்தளிக்கும்போது அதன் நினைவகம் கெட்டுப்போகும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ரேடியோ கெட்டதா, கரண்ட் போனதா, யாராவது பிளக்கைப் பிடுங்கினார்களா என்று தெரியாது. மின்சாரம் உண்டாக்குவதைவிட, கெட்ட மின்சாரத்திலிருந்து கருவியைக் காப்பதற்கே உண்மையான செலவு என்று கண்டார்கள். வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் சுற்றுகளைச் செய்தார்கள். மையங்களில் இருந்தவர்களுக்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் பழுது கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது ஓடியது அந்தப் பயிற்சியால்தான். முதல்முறை அதைப் படித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வாட்ச்மேன் அண்ணனை யாரோ கட்டுரைக்குள் எழுதிவைத்தது போல இருந்தது.

வேலையின் அன்றாடத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆடி மாதம் பிரின்டர் வேலை அதிகம். காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து வளையும். இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கும். பிரின்டரில் கோளாறே இருக்காது. ஒரு மரப்பெட்டியில் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டு, அதற்குள் தாள் கட்டுகளை வைக்கச் சொல்லுவோம். மூடி வைத்த லேப்டாப்பில் பூஞ்சை பூக்கும். ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு வீடு கட்டும். உதிரி பாகம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர்க் கடைக்காரருக்குப் போன் போடுவேன். அவர் பொட்டலம் கட்டி வால்பாறைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பஸ் நம்பரைச் சொல்லுவார். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொள்ளுவேன். மண் சரிந்து ரோடு அடைத்தால் பொட்டலமும் அட்டகட்டியில் பஸ்ஸோடு நிற்கும். அப்போது கையிலிருக்கும் இரண்டு செத்த கணினியைப் பிரித்து ஒன்றாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம். எது இன்றைக்கே ஓடவேண்டும், எது நாலு நாள் பொறுக்கும் என்று ஊரின் அவசரங்களை வரிசைப்படுத்தத் தெரிவது இந்தத் தொழிலில் பாதி. அதைக் கற்பிக்கும் பாடப்புத்தகம் நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது பொருளைப் பற்றியது. மனிதர்களுக்கு வருகிறேன்.

ஓர் அக்கா. முப்பத்து நான்கு ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். ஓய்வுபெற்றதும் பிஎஃப் பணம் வாங்க வந்தார். அவர் பதினாறு பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, செக்ரோலில் பெயர் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். ஒரு லைனில் அதே பெயரில் நாலு பேர் இருந்ததால், அடையாளத்துக்குப் பக்கத்தில் அப்பா பெயருக்குப் பதில் மேஸ்திரியின் பெயர். கல்யாணம் ஆனதும் யாரோ புருஷன் பெயரைச் சேர்த்தார்கள். பிறகு ஆதார் வந்தது. அதில் பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி 1. 2014க்குப் பிறகு ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிரந்தரமான பிஎஃப் கணக்கு எண் கொடுத்தார்கள். அதில் ஆதாரோடு பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் பணம் நகரும். முப்பத்து நான்கு ஆண்டு உழைப்பு, ஆங்கிலத்தில் ஓர் ‘ஐ’ கூடுதலாக விழுந்ததில் நின்றுபோனது.

திருத்தம் செய்ய நிர்வாகமும் தொழிலாளியும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்கவேண்டியிருந்தது. எஸ்டேட் கைமாறியிருந்தது. பழைய பேரேடு எங்கே என்று தேடினோம். ஸ்டோர் ரூம் பரணில், கரையான் அரித்த கட்டுகளுக்கு நடுவே, அவருடைய பெயர் இருந்த பக்கம் கிடைத்தது. நீல மையில், சாய்ந்த எழுத்தில். ‘என் பேரு இதுதானா தம்பி?’ என்று அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தன் பெயரை முதல்முதலாக எழுதியது யார், எப்படி எழுதினார் என்பதை அன்றுதான் அவர் கண்டார். கணினி வேலை என்று எதைச் சொல்கிறோமோ அது அன்று எனக்குப் பரணில் ஏணி போட்டு ஏறுவதாக இருந்தது.

கடைசிப் படி, கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ரகசிய எண். அவர் போனுக்கு என் கடையில் டவர் கிடைக்காது. மேலே வளைவில் ஒரு மேட்டில்தான் கிடைக்கும். கம்பி வழி இணையம் கடையில் மட்டும்தான். பேரனை மேட்டில் நிறுத்தினோம். நடுவில் இன்னொரு பையன். எண் வந்ததும் மேட்டிலிருந்து ஒவ்வோர் இலக்கமாகக் கத்துவான். நடுவில் நிற்பவன் வாங்கிக் கடைப்பக்கம் கத்துவான். பத்து நிமிடத்துக்குள் உள்ளிடவேண்டும். முதல் தடவை ‘ஏழு’ என்று சொன்னது காற்றில் ‘ஆறு’ என்று விழுந்துவிட்டது. இரண்டாம் தடவை ஏறியது. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். அதை மலை முழுக்கக் கேட்கக் கத்தித்தான் அந்த அக்கா தன் பணத்தை வாங்கினார்.

இப்படி ஒரு நிலை வந்ததற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு வேலை செய்தது காரணமில்லை. எழுதத் தெரிந்த, டவர் உள்ள, ஒரே எண்ணை இருபது ஆண்டு வைத்திருக்கிற, விரல்ரேகை தேயாத ஒருவரை மனத்தில் வைத்து இந்த ஏற்பாடுகளை வடிவமைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களின் விரலை ஒருமுறை பார்த்தால் தெரியும். கொழுந்தின் பால் பட்டுப் பட்டு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கறுத்து, தோல் பிளந்து, கத்திரி பிடித்த இடம் காய்த்திருக்கும். 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்கவேண்டும் என்று வந்தது. விரலை வைப்பார்கள், கருவி மறுக்கும். துடைத்துவிட்டு வைப்பார்கள்; மறுக்கும். சுண்ணாம்பு தேய்த்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துப் பார்ப்பார்கள். என்னிடம் வந்தவர்களுக்கு மோதிர விரலையும் சுண்டு விரலையும் பதிவில் சேர்க்கச் சொன்னேன். கொழுந்து கிள்ளுவதில் அவற்றுக்கு வேலை குறைவு, ரேகை மிச்சமிருக்கும். பலருக்கு அது பலித்தது. வாரம் முழுக்க அந்தக் கைகளை எதிரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் இது தோன்றும்.

இந்த வேலையின் இன்னொரு பக்கத்தையும் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். சின்ன ஊரில் இந்த வேலை செய்கிறவருக்கு எல்லாருடைய ரகசியமும் தெரியும். யாருக்கு எவ்வளவு பிஎஃப் வந்தது, யார் நகையை அடகு வைத்தார்கள், யார் போனில் எந்தப் படம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கணினியில் யாருடைய பரிசோதனை முடிவு என்ன, எல்லாம் கண்ணில் படும். நகரத்தில் நீங்கள் பார்க்கும் தரவுக்கு முகம் கிடையாது. எனக்கு அந்த முகம் சாயங்காலம் டீக்கடையில் எதிரில் உட்காரும். ஒரு சொல் வாய் தவறினாலும் ஒரு குடும்பம் உடையும். அடுத்த நாளிலிருந்து யாரும் தங்கள் கணினியை என்னிடம் தரமாட்டார்கள். எழுதிய விதி எதுவும் எங்களுக்கு இல்லை. போனைச் சரிசெய்யும்போது, உடையவரை எதிரில் உட்காரவைத்து, திரை அவர் பக்கம் தெரியும்படி வைத்து வேலை செய்வது என்று நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். என்னோடு வேலை பழகியவர்களும் அதையே செய்கிறார்கள்.

எங்கள் மலையில் நன்றாக அமைந்த ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்லுகிறேன். வால்பாறையில் ஆண்டின் பெரும்பகுதி யானைகள் தேயிலைக்குள் நடமாடும். காட்டுத் துண்டுகளுக்கு இடையே அவற்றுக்கு அதுதான் வழி. இரவில், பனியில், எதிரில் யானை நிற்பது தெரியாமல் போய் மாட்டியவர்கள்தான் இறந்தவர்களில் பெரும்பாலோர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்து, யானை எங்கே நிற்கிறது என்ற தகவலைச் சனங்களிடம் சேர்ப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் ஓடும் எழுத்து. 2011 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி. வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. உயரமான இடங்களில், கைப்பேசி அழைப்பால் எரியவும் அணையவும் கூடிய சிவப்பு விளக்குகள். 2015இல் ஆனந்த குமாருக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

அந்தச் சிவப்பு விளக்கை மாணவர்கள் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். ஒரு கம்பம், ஒரு பெட்டி, ஒரு சிம் கார்டு, ஒரு விளக்கு. பஸ் இறங்கி நடக்கிற பெண் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். எரிந்தால் அருகில் யானை உண்டு, நின்றுவிடுவாள். எழுத்து வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். இன்னும் பெரியது ஒன்று உண்டு. தொடக்கத்தில் அந்த விளக்குகளை ஆய்வுக் குழுவினரே பெரும்பாலும் இயக்கினார்கள். போகப்போக அந்தந்த லைனில் இருப்பவர்களே இயக்கத் தொடங்கினார்கள். யானையைப் பார்த்தவர் போட்டுவிடுகிறார், போனபிறகு அணைக்கிறார். நாலு பேர் கைக்கு வந்துவிட்டதால் அது எங்கள் ஊர் விளக்கு ஆகிவிட்டது.

இப்படி ஊர்க் கைக்கு வந்ததையும் வராமல் போனதையும் முன்பும் பார்த்திருக்கிறோம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் சொன்னார்கள். அடுத்து, சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பைக் கொண்டு 2001இலிருந்து மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் வந்தன. உள்ளூர்ப் பெண்கள் பலர் கடன் வாங்கி அவற்றை எடுத்து நடத்தினார்கள். சில ஆண்டுகளில் பல மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் வர நாளானது, அந்த நாட்களில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அந்தப் பெண்களிடம் திறமை இல்லாமலில்லை. பழுது நீக்கும் அறிவு மட்டும் அவர்கள் கைக்கு வராமல் மாவட்டத் தலைநகரில் தங்கிவிட்டது.

ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்ததை மறக்கக்கூடாது. சிங்கப்பூரில் வேலையில் இருந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் அங்கிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அலை உயரம் அறிவிக்க வைத்திருந்த அதே ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்த ஊரில் உயிர்கள் தப்பின. அன்று அந்த ஒலிபெருக்கி வேலை செய்தது. யாரோ அதை ஓடும் நிலையில் வைத்திருந்தார்கள். அந்த ‘யாரோ’வைப் பற்றித்தான் நான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆள் தொலைவிலிருந்து வரவேண்டிய நிலையின் கடைக்கோடி எது என்றால் பசிபிக்கில் இருக்கும் தோங்கா நாட்டைச் சொல்லுவேன். ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள். வெளியுலகுக்கு ஃபிஜி வழியாக ஒரே கடலடிக் கம்பி இருந்தது. 2022 ஜனவரி 15இல் எரிமலை வெடித்து அது அறுந்தது. ஒட்டுகிற கப்பல் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வரவேண்டியிருந்தது. இணைப்புத் திரும்ப ஐந்து வாரம் ஆனது. வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கம்பியைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு. கடலடிக் கம்பியை ஊர்க்காரர் ஒட்ட முடியாதுதான். நிலத்தில் இருப்பதை முடியும். இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் விவசாயிகளே தங்கள் வயலில் பள்ளம் வெட்டிக் கண்ணாடி இழை பதித்தார்கள். இழையை ஒட்டும் வேலையையும் ஊர்க்காரர்களே கற்றுக்கொண்டார்கள். நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இழையை ஒட்டும் கருவியை நானே எட்டாவது படித்த ஒருவருக்கு இரண்டு வாரத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கொழுந்தில் இரண்டிலை ஒரு மொட்டு பார்த்துக் கிள்ளிப் பழகிய கண், நூலைவிட மெல்லிய இழையைப் பிடிப்பதற்கு ஏற்கனவே தயாராக இருந்தது.

நான் கேட்பது இதுதான். ஒரு மையம் திறக்கும்போது கட்டடத்துக்கும் கருவிக்கும் இணைப்புக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அதைப் பராமரிக்க அந்த ஊரிலேயே வாழும் ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் ஒதுக்குவதில்லை. பழுது ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார்கள். அப்படியென்றால் பழுதே வராமல் பார்த்துக்கொள்கிறவருக்குக் கூலியே கிடையாது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் பட்டினி கிடக்கவேண்டும். விஏஓ இருக்கிறார், கிராம செவிலியர் இருக்கிறார், லைன்மேன் இருக்கிறார். ஒரு காலத்தில் அந்தப் பதவிகளும் இல்லை. தேவை என்று கண்டு உண்டாக்கினார்கள். ஒவ்வொரு மலைக் குறுவட்டத்துக்கும் தகவல் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், உள்ளூர்க்காரராக, நிரந்தரச் சம்பளத்தில், கையில் ஒரு கருவிப் பையோடு வேண்டும். அவருக்குப் படிப்பு மட்டும் போதாது. மீட்டர் பிடிக்கவும் பேரேடு தேடவும் பொறுமையாகக் கேட்கவும் பழக்கவேண்டும். அந்தப் பாடத்திட்டத்தை எழுத இந்தக் கல்லூரி முன்வந்தால், நான் வாரம் ஒருநாள் மலையிறங்கி வரத் தயாராக இருக்கிறேன்.

என்னோடு இப்போது வேலை செய்கிறது ஒரு பெண். அவளுடைய அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தாள். சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் கணினிகள் திடீர் திடீரென்று நிற்கின்றன என்று போனாள். வைரஸ் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கணினியைத் தொடவே இல்லையாம். நேராகக் கட்டடத்தைச் சுற்றிப் போய்ப் புதரை விலக்கிப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள். ‘அண்ணே, குழி காஞ்சு கெடக்கு. எவ்வளவு மோசம்னு சரியா அளக்க எர்த் டெஸ்டர் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். மல்டிமீட்டர் பத்தல’ என்றாள்.

இன்று இங்கே எனக்குத் தரப்போகும் சன்மானத்தில் அதை வாங்கப்போகிறேன். காந்திபுரத்துக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். ஐந்தரைக்குள் போய் எடுத்துக்கொண்டு, பொள்ளாச்சியில் எங்கள் ஊர்ப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.